நல்லதண்ணீர்க் கிணற்று அறிவித்தல்

சுருவில் என்ற எங்கள் ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் நான் மாட்டிய கரும்பலகையைப் பற்றி இன்றைக்கும் சிலர் நக்கலாகக் கதைப்பார்கள். கதைக்கட்டும். அந்தப் பலகை இருந்த காலத்தில் எங்கள் ஊரில் தொலைந்த மாடு எதுவும் இரண்டு நாளைக்கு மேல் தொலைந்தபடி கிடந்ததில்லை. மண்ணெண்ணெய் வரும் நாள் தெரியாமல் எந்த வீட்டு விளக்கும் அணைந்ததில்லை. மேற்கு ஒழுங்கையில் விசர்நாய் திரிகிறது என்று காலை ஏழு மணிக்கு எழுதினேன் என்றால், ஏழரைக்குள் அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பார்கள்.

நான் நாகபூசணி. எழுபதுகளின் தொடக்கத்தில் சங்கக்கடைக்கு மனேச்சர் நான். கிராம முன்னேற்றச் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். கணவர் தம்பிராசா கொழும்பில் ஒரு கந்தோரில் இலிகிதர் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயில் ஏறி வந்து, நான்கு நாள் நித்திரை கொண்டுவிட்டுத் திரும்பிப் போவார். ஆகவே வீட்டிலும் மனேச்சர் நானே. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கலாம். இருபது பேர் பங்கீட்டுக் கூப்பனும் கையுமாக நெருக்கிக்கொண்டு நிற்கும் கடையில் வாயில்லாதவள் என்ன செய்வாள்?

பலகையை மாட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு செய்தியை வாயால் சொல்லப் போனால், செய்தி பின்னால் போய்விடும். 'அவைக்கு முதல் சொல்லிப்போட்டு எங்களுக்குப் பிறகு சொன்னவை' என்ற வழக்கு முன்னால் வந்துவிடும். அம்மைப்பால் குத்த வரும் நாளைச் சொல்லப் போய் இரண்டு குடும்பம் மூன்று வருடம் பேசாமல் இருந்த ஊர் இது. பலகைக்கு மச்சான் இல்லை, மச்சாள் இல்லை. எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே நேரம். இரண்டை மட்டும் நான் அதில் எழுதவில்லை: கலியாணமும் செத்தவீடும். அவை வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டியவை. சொல்லாத இடத்துக்குப் போக எங்களுக்கென்ன விசரா?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபத்திரண்டாம் ஆண்டு மார்கழி மழை ஓய மனமில்லாமல் பெய்தது. வெள்ளம் வயலில் நின்றது, ஒழுங்கையில் நின்றது, சில வீடுகளில் குசினிக்குள்ளும் எட்டிப் பார்த்தது. பொங்கலுக்கு முதல் வந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், சுகாதாரப் பரிசோதகர் பாலசிங்கம் சைக்கிளில் வந்து கடைவாசலில் இறங்கினார். முழங்கால் வரை சேறு. முகத்தில் சிரிப்பில்லை.

"பக்கத்து ஊரில பதினொரு பேருக்கு வயித்தாலடி அக்கா. நேற்று ஒரு குழந்தை செத்துப் போச்சு. வெள்ளம் கக்கூசுக் குழியளை எல்லாம் கிளப்பிக்கொண்டு கிணறுகளுக்கை இறங்கிட்டுது. உங்கட நல்லதண்ணிக் கிணத்துக்கையும் வெள்ளம் இறங்கியிருக்கு. இப்பதான் பாத்திட்டு வாறன்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. ஆனால் எல்லாம் உவர். உடுப்புத் தோய்க்கலாம், சோறு ஆக்க முடியாது. குடிப்பதற்கென்று இருப்பது வயல்கரையில் உள்ள அந்த ஒரு கிணறுதான். அது தனியார் காணி. நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பம் யாரையும் மறிக்காமல் ஊருக்குத் தண்ணீர் அள்ள விட்டிருக்கிறது.

"போத்தலில தண்ணி பிடிச்சுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறன்," என்றார் பாலசிங்கம். "மறுமொழி வாற வரைக்கும் ஒரு சனமும் அதை வாயில வைக்கக் கூடாது. நாளையிலிருந்து காலமை ஏழு மணிக்குச் சந்தியில தண்ணி பவுசர் லொறி நிக்கும். தண்ணி அள்ளுற துலாவில ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறன். காணிக்காரர் ஆர்?"

"இலட்சுமிப்பிள்ளை. என்ர மச்சாள். இவரின்ர தமக்கை."

"அப்ப நல்லதாப் போச்சு. அவவைக் கண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

"நீங்கள் ஏன் ஐயா கஷ்டப்படுறியள்? இன்னும் ரெண்டு ஊருக்குப் போக வேணுமெல்லோ. பலகையில போட்டால் ஊரே படிக்கும். நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "உங்களை நம்பிப் போறன்," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. நானும் இலட்சுமிப்பிள்ளையும் பேசி அப்போது ஒன்றரை வருடம். அவருடைய மூத்த மகள் இராசேஸ்வரி, என் கணவருக்கு மருமகள், எனக்கும் மருமகள்தான். கணவர் கொழும்பில், நான் வீட்டில் தனிய என்று ஏழு வருடம் இரவில் எனக்குத் துணைக்கு வந்து படுத்தவள். என் பாயில் படுத்து, என் தலையணையைப் பறித்து வளர்ந்த பிள்ளை. அவளுடைய கலியாணத்துக்கு எனக்கு வந்தது ஒரு அச்சடித்த கார்ட். அதையும் தோட்டத்து வேலையாள் கந்தப்பு கொண்டுவந்து கடை மேசையில் வைத்துவிட்டுப் போனான். தாயும் தகப்பனும் வந்து, விறாந்தையில் இருந்து, வாயால் சொல்லவில்லை. அவசரத்தில் எடுத்த நாள், நேரமில்லை என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். மற்ற வீடுகளுக்கு நேரம் இருந்ததே! நான் போகவில்லை. கலியாண மேளம் கடைவரைக்கும் கேட்டது. நான் கூப்பன் அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நன்மை தின்மைக்கு அவர்கள் இங்கே இல்லை, நான் அங்கே இல்லை.

ஆகவே, பாலசிங்கம் போய்ச் சொன்னால் 'நாகபூசணி ஆள் அனுப்பிச் சொல்லுவிக்கிறா' என்று ஆகும். நானே போவதென்றால், அந்தப் படலையை முதலில் தாண்டியவள்தான் பிழைகாரி என்று ஆகும். பலகை இருக்க எனக்கு என்ன கவலை? சிவப்பு வெண்கட்டி எடுத்து, பழைய செய்திகளை எல்லாம் துடைத்து, பலகை முழுவதும் எழுதினேன்:

'முக்கிய அறிவித்தல். நல்லதண்ணீர்க் கிணற்றுத் தண்ணீரை எவரும் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். வயிற்றாலடி பரவுகிறது. தினமும் காலை 7 மணிக்குச் சந்தியில் பவுசர் வரும். குடங்களுடன் வரவும்.'

கீழே இரண்டு கோடு. இருட்டுவதற்குள் முப்பது பேராவது நின்று வாசித்தார்கள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பவுசர் வந்தது. சாரதி குருசுமுத்து ஹோர்னை அடித்து அடித்துக் கை ஓய்ந்து போனான். நான் என் இரண்டு குடத்தோடு நின்றேன். வாத்தியார் ஒருவர் வந்தார். தபால்காரர் வந்தார். வேறு ஒருவரும் இல்லை.

"என்ன அக்கா, உங்கட ஊரில ஒருத்தரும் தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்றான் குருசுமுத்து.

எனக்குக் காது சுட்டது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு வயல்கரைக்கு நடந்தேன். கிணற்றடியில் திருவிழாக் கூட்டம். துலா ஏறி இறங்குகிறது. சிவப்புத் துணி அதன் நுனியில் ஒய்யாரமாக ஆடுகிறது. எங்கள் ஒழுங்கைச் சீதேவி இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக எதிரே வந்தாள்.

"சீதேவி, பலகை பாக்கேல்லையோ?"

"ஏன் பாக்காமல்? நல்ல வடிவான எழுத்து அக்கா."

"பிறகென்ன இது?"

"இலட்சுமிப்பிள்ளை அக்கா ஒண்டும் சொல்லேல்லையே. அவவின்ர கிணறு. கூடாத தண்ணியெண்டால் அவவெல்லோ எங்களை மறிச்சிருப்பா."

அடுத்து வந்தவள் செல்லாச்சி. இலட்சுமிப்பிள்ளையின் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். புருஷன் இல்லை. நான்கு வயது மகள் பவளம் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளிடமும் கேட்டேன். செல்லாச்சி நிலத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "பவுசருக்குப் போவம் அக்கா, போவம்," என்றாள். ஆனால் அவள் குடம் நிறைந்திருந்தது. அது தளும்பத் தளும்ப நடந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பொங்கல். குருசுமுத்து வேதக்காரன், அவனுக்குப் பொங்கல் இல்லை, நேரத்துக்கு வந்து நின்றான். ஆனால் சூரியனுக்குப் பொங்குகிற பானைக்குத் தகரத் தாங்கித் தண்ணீரா என்று ஊர் முழுவதும் முகம் சுளித்தது. நான் எழுத்தைப் பெரிதாக்கினேன். 'ஒரு குழந்தை இறந்துவிட்டது' என்று ஒரு வரி சேர்த்தேன். வாசித்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். நேரே கிணற்றடிக்குப் போனார்கள். திங்கட்கிழமை பட்டிப்பொங்கல். பாலசிங்கம் கட்டிய சிவப்புத் துணி ஒரு நாம்பன் மாட்டின் கொம்பில் ஊர்வலம் போவதை நான் கடைவாசலில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்த சனம், பத்திரிகை வாசிக்கிற சனம், வீட்டுக்கு ஒரு உத்தியோகத்தர் இருக்கிற சனம்! எழுத்தைக் கண்டால் நம்பத் தெரியாதா? மூன்று நாளும் நான் பவுசர்த் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஊரைத் திட்டிக்கொண்டு இருந்தேன். இலட்சுமிப்பிள்ளை ஒரு சொல் சொன்னால் எல்லாம் நிற்கும் என்பது சனிக்கிழமையே சீதேவி வாயால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வெண்கட்டியைத் தேய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தபோது சீதேவி சொன்னாள்:

"உங்கட மருமகள் வந்து நிக்கிறாளெல்லோ. தெரியாதோ?"

"எந்த மருமகள்?"

"ராசேசு. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். எட்டு மாசம். வெள்ளிக்கிழமை வந்தவள்."

தராசுத் தட்டு என் கையில் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை என்றால் நாலு நாள். நாலு நாளாக என் பிள்ளை வயிற்றில் பிள்ளையோடு அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே சிவப்பு வெண்கட்டியில் கோடு கீறிக்கொண்டிருக்கிறேன். வயிற்றாலடி பிடித்தால் பச்சைப்பிள்ளைகளும் பிள்ளைத்தாச்சிகளும்தான் முதலில் போவார்கள் என்று பாலசிங்கம் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பார்!  சீனியை அப்படியே வைத்துவிட்டு, நின்ற சனத்தை எல்லாம் வெளியே போகச் சொல்லி, பட்டப்பகல் பத்து மணிக்குச் சங்கக்கடையைப் பூட்டினேன். அப்படி ஒரு நாளும் நான் பூட்டியதில்லை.

இலட்சுமிப்பிள்ளையின் படலைக்கு வெளியே நின்று, "மச்சாள்" என்று கூப்பிட்டேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வெளியே வந்த சொல்.

அவர் விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆர் அது? மனேச்சர் அம்மாவோ? வழி தெரிஞ்சுதோ?"

"மச்சாள், கிணத்துத் தண்ணி கூடாது. வருத்தம் பரவுது. கிணத்தைப் பூட்ட வேணும். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"அதுதான் பலகையில போட்டனீராமே. பெரிய எழுத்தில."

"போட்டனான். நீங்கள் பாக்கேல்லையோ?"

இலட்சுமிப்பிள்ளை முருங்கைக் கொப்பைச் சுளகில் போட்டுவிட்டு இப்போது நிமிர்ந்தார். அவருடைய கண் என் கணவரின் கண். அதனாலேயே எனக்கு அவரைப் பார்த்துக் கோபிக்க எப்போதும் கொஞ்சம் கஷ்டம்.

"ஓம், பலகையில எழுதினால் காணுமெல்லோ. என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்குக் காட் வந்தது. அச்சடிச்ச எழுத்து. நீரும் படிச்ச மனுசி, வாசிச்சிருப்பீர். வந்தனீரோ?"

   ஒன்றரை வருடமாக எனக்குள் நான் அடுக்கி வைத்த நியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் சரிந்தது. எழுத்து எல்லோருக்கும் பொது என்று ஊருக்குப் படிப்பித்தவள், தனக்கு வந்த எழுத்தைத் தூக்கி எறிந்தவள்.

"வரேல்லை," என்றேன். "பிழைதான். நான் வந்திருக்க வேணும்."

இலட்சுமிப்பிள்ளை சுளகைத் தள்ளி வைத்தார். எழும்பி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு செம்பு. தண்ணீர் தளும்பியது. "வெயிலுக்கை வந்தனீர். இந்தாரும், குடியும்," என்று நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன கருத்து என்று தெரியாதவர் இல்லை. கோபம் கொண்ட வீட்டில் செம்பு வாங்கிக் குடித்தால் உறவு ஒட்டியது. வாங்காமல் விட்டால், இனி எந்தக் காலத்திலும் அந்த வாசலுக்கு வரத் தேவையில்லை. நான் எதைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வந்தேனோ, அதையே அவர் நீட்டிக்கொண்டு நிற்கிறார். வேண்டாம் என்றால் கிணறு திறந்தபடி கிடக்கும், இராசேஸ்வரி உள்ளே குடித்துக்கொண்டிருப்பாள். நான் செம்பை வாங்கினேன்.  அண்ணாந்து ஒரு துளி விடாமல் குடித்தேன்.

"குடிச்சிட்டன் மச்சாள். எனக்கு வாறது வரட்டும். ராசேசுக்கு மட்டும் இனி ஒரு முறடு குடுக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

 இலட்சுமிப்பிள்ளை செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்டும் வராது. அது பவுசர்த் தண்ணி."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை பின்னேரமே கந்தப்பு பலகையை வாசிச்சிட்டு வந்து சொன்னவன். பிள்ளைத்தாச்சிப் பிள்ளைக்கு அந்தத் தண்ணி குடுக்க எனக்கென்ன விசரே? சந்திக்கு வர முதலே பவுசரை வளைவில மறிச்சு ரெண்டு தகரம் தண்ணி பிடிச்சுக்கொண்டு வாறவன். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு குருசுமுத்துவுக்குச் சொன்னது."

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். ராசேசுக்கு ஒன்றுமில்லை. அந்த நேரம் அவளே சத்தம் கேட்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "மாமி!" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன், அழவும் செய்தேன். அழுது முடிந்து கண்ணைத் துடைக்கும்போதுதான் மற்றது உறைத்தது.

"அப்ப தெரிஞ்சுகொண்டே ஏன் மச்சாள் கிணத்தைத் திறந்து விட்டனீங்கள்? ஊர்ச் சனம் அள்ளி அள்ளிக் குடிக்குதே!"

"காணிக்காரிக்குச் சொல்லாமல் காணிக் கிணத்தைப் பூட்டச் சொல்லி எழுதினது ஆர்? நீர் வந்து சொல்லுவீர், சொன்னாப் பூட்டுவம் எண்டுதான் இருந்தனான். இண்டைக்கு வருவீர், நாளைக்கு வருவீர் எண்டு…"

  நான் பவுசர்த் தண்ணீர் குடித்துக்கொண்டு அவர் பூட்டட்டும் என்று இருந்தேன். அவர் பவுசர்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நான் வரட்டும் என்று இருந்தார். இடையில் ஊர் அந்தத் தண்ணீரில் பொங்கலும் பொங்கியிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று நாளில் எத்தனை குடம் போயிருக்கும் என்ற எண்ணம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததென்று நினைக்கிறேன்.

"கந்தப்பு!" என்று இலட்சுமிப்பிள்ளை போட்ட சத்தத்தில் கோழி பறந்தது. "ஓடிப்போய்த் துலாக்கயிறை அறுத்துப்போட்டு வா. ஆர் கேட்டாலும் நான் சொன்னதெண்டு சொல்லு." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "நட நாகபூசணி. வீடுவீடாப் போவம். நீயும் வா, நானும் வாறன். ரெண்டு பேரும் சேந்து சொன்னால் ஒருத்தரும் மறுக்க மாட்டினம்."

நீர் என்றது நீ ஆனதைக் கவனித்தேன். சந்தோசப்பட நேரமில்லை.

பிழை ஒன்று செய்தால் அதைத் திருத்துவதிலும் நாங்கள் இரண்டு பேரும் குறைந்தவர்கள் அல்ல. அரைமணித்தியாலத்தில் வடக்கு ஒழுங்கை முழுவதும் முடிந்தது. படலையில் நின்று இலட்சுமிப்பிள்ளை, "பிள்ளையள், கிணறு பூட்டியாச்சு. அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுப் பானையைச் சுடுதண்ணியில கழுவுங்கோ," என்பார். நான், "நாளைக்குப் பவுசருக்கு வாங்கோ," என்பேன். ஒரு வீட்டிலும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. 'ஓம் அக்கா, ஓம் அக்கா' என்று எங்கள் கண் முன்னாலேயே குடங்களைக் கவிழ்த்தார்கள். சீதேவி வாசலில் நின்று, "பாத்தியளே அக்கா, சொன்னாக் கேக்காத சனமே நாங்கள்?" என்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மா சொன்னதல்ல.

தோட்டத்துக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த செல்லாச்சியின் வீடு. கூப்பிட்டோம். பதில் இல்லை. உள்ளே போனோம். செல்லாச்சி நிலத்தில் இருந்தாள். மடியில் பவளம். பிள்ளையின் கண் குழிவிழுந்து, உதடு வெடித்து, கை துவண்டு கிடந்தது. இரவு தொடங்கியதாம். பதினைந்து தரத்துக்கு மேல் போய்விட்டதாம். பக்கத்தில் குடமும், அதன் மேல் கவிழ்த்த பேணியும். தாகம் தாகம் என்று பிள்ளை கேட்கக் கேட்க அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ செல்லாச்சி, பலகையில போட்டிருந்ததே!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் என் வாயில் முதலில் வந்தது பலகைதான்.

"தெரியும் அக்கா. வெள்ளிக்கிழமையே வாசிச்சனான்."

"பிறகேனடி பவுசருக்கு வரேல்லை?"

செல்லாச்சி இலட்சுமிப்பிள்ளையைப் பார்க்காமல் சொன்னாள். "அக்காவின்ர கிணத்துத் தண்ணியைத்தானே எங்கட ஆக்கள் தலைமுறையாக் குடிக்கிறம். அதைக் கூடாதெண்டு விட்டிட்டுச் சந்தியில போய் நிண்டால் அக்கா என்ன நினைப்பா? நாலு பேர் பாக்க அவவை அவமானப்படுத்தின மாதிரியெல்லே. அதுதான் போகேல்லை."

இலட்சுமிப்பிள்ளையின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். மறக்க மாட்டேன். அவர் குனிந்து பவளத்தை மடியிலிருந்து தூக்கினார். பிள்ளை இருந்த கோலத்துக்கு ஒருவரும் கிட்டப் போக மாட்டார்கள். அவர் தோளில் சாத்திக்கொண்டார்.

அவருடைய கணவர் சரவணமுத்து அண்ணையின் பழைய ஒஸ்ரின் கார் மழைக்குப் பிறகு ஸ்ராட் வராமல் முற்றத்தில் கிடந்தது. கந்தப்புவும் நானும் தள்ளினோம். சேற்றில் செருப்புப் போனது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் பிடித்ததும் செல்லாச்சியை ஏற்றி, நானும் ஓடிப்போய் ஏறினேன். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் இலட்சுமிப்பிள்ளை பவுசர்த் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். சரவணமுத்து அண்ணை பேசாத மனிதர். அன்று பள்ளத்துக்குப் பள்ளம் முருகனைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஓடி வந்து வாங்கினார்கள். பிள்ளைக்கு நரம்பு பிடிபடவில்லை. காலில் பார்த்தார்கள், கையில் பார்த்தார்கள், கடைசியில் கணுக்காலில் ஊசி ஏறி சேலைன் இறங்கத் தொடங்கியது. ஒரு போத்தல் முடிந்து இரண்டாவது பாதியில், பவளம் வாயைத் திறந்து அழுதாள். அழுகையில் சத்தம் இருந்தது. நேர்ஸ் சிரித்தாள். "இனிப் பயமில்லை," என்றார் டொக்டர். செல்லாச்சி சுவரில் சாய்ந்து அப்படியே வழுகி இருந்தாள். 

டொக்டர் புத்தகத்தை எடுத்து எழுத ஆயத்தமானார். "எந்தத் தண்ணி குடுத்தனீங்கள்?"

"நல்லதண்ணிக் கிணத்துத் தண்ணி ஐயா," என்றாள் செல்லாச்சி.

அவர் பேனையை வைத்தார். "வெள்ளிக்கிழமையே அதைக் குடிக்க வேண்டாமெண்டு அறிவிச்சதெல்லோ! இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தா இந்தப் பிள்ளை இல்லை. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

செல்லாச்சி எங்களைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னவை ஐயா. இந்த ரெண்டு அக்காமாரும் வீட்டை வந்து சொன்னவை. நான்தான் கேக்கேல்லை."

டொக்டர் அவளை ஏசத் தொடங்கினார். படிப்பில்லாத சனம், சொன்னாலும் விளங்காத சனம் என்றார். செல்லாச்சி எல்லாவற்றுக்கும் ஓம் ஐயா, ஓம் ஐயா என்றாள். என் வாழ்க்கையில் நான் பட்ட வெட்கம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஓம் ஐயாவுக்குக் கிட்ட வராது. நாங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். பிள்ளை பிழைத்துவிட்டது, புத்தகத்தில் பிழை செல்லாச்சியின் பெயரில் ஏறியிருக்கும், ஊரும் அப்படியே நம்பியிருக்கும்.

"அவவை ஏசாதேங்கோ டொக்டர்," என்றேன். வார்ட் முழுவதும் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். எனக்கு வேறு சத்தம் தெரியாது. "அவ பொய் சொல்லுறா. நாங்கள் இண்டைக்குக் காலமைதான் போய்ச் சொன்னனாங்கள். பி.எச்.ஐ. பாலசிங்கம் ஐயா வெள்ளிக்கிழமை என்னட்டைச் சொன்னவர். நான் மூண்டு நாள் கிணத்துக்காரியிட்டைச் சொல்லேல்லை. வீம்பு."

"என்ர கிணறு ஐயா," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "எனக்குத் தெரியும். நான் பூட்டேல்லை. எழுதுறதெண்டால் அதை எழுதுங்கோ."

டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. செல்லாச்சி எங்களைப் பார்க்கவே இல்லை. நேர்ஸ் கொடுத்த கொதித்தாறின தண்ணீரைக் கரண்டியில் எடுத்து, மகளின் வாயருகே வைத்து, அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.